சாரல் வெளிச்சமும் பெருவிரலும்: கேமராச் சக்கரங்களை மாற்றி அமைத்த அனுபவம்

என்னிடம் இருப்பது கேனன் 7டி மார்க் 2 கேமராவும், அதனோடு 400 எம்எம் எஃப் 5.6 லென்ஸும் (எஃப் எண் ஒளி நுழையும் துளையின் அளவைக் குறிக்கும்; எண் சிறிதானால் துளை பெரிது). 2014-இல் வெளிவந்த அந்தக் கேமராவை நான் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். இன்றைக்கும் பறவைப் படத்துக்கு அது எனக்குப் போதுமானதாக இருக்கிறது. படம் எடுப்பது பெரும்பாலும் செங்கோட்டைக்கும் புளியரைக்கும் இடையிலுள்ள நெல்வயல்களில்தான். நேரம் அமைந்தால் கோட்டைவாசலைத் தாண்டி, கேரளப் பக்கமுள்ள ஆரியங்காவு, பாலருவி, கழுதுருட்டிப் பக்கமும் போய்வருவேன். இந்த இரண்டு இடங்களுக்கும் நடுவில் மலை ஒன்றுதான் நிற்கிறது என்றாலும், கேமராவைப் பொறுத்தவரை இவை வேறு வேறு உலகங்கள். ஷட்டர் வேகம், துளை போன்றவற்றை மாற்றும் சக்கரங்களை ஒரே அமைப்பில் வைத்துக்கொண்டு இரண்டிலும் வேலை செய்ய முடியாது என்பது புரிந்த பிறகுதான், எந்தப் பட்டனும் சக்கரமும் எதைச் செய்ய வேண்டும் என்று அமைக்கும் 'கஸ்டம் கன்ட்ரோல்ஸ்' என்ற மெனுப் பக்கத்தை முறையாகத் திறந்து உட்கார்ந்தேன்.

முதலில் இங்குள்ள வெளிச்சத்தைச் சொல்லியாக வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று ஆரியங்காவுக் கணவாய் வழியாக நுழையும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான காலத்தில், மழை கேரளப் பக்கம் கொட்டித் தீர்த்துவிட்டு, நம் பக்கம் சாரலாக மட்டும் வந்து விழுகிறது. கார் பருவ நடவு முடிந்த வயலில் கொக்குகள் இறங்கும் காலமும் அதுவே. மேகங்கள் துண்டு துண்டாக, வேகமாக நகரும். ஒரு கொக்கு வரப்பிலிருந்து எழுந்து நான்கு வயல் தள்ளி இறங்குவதற்குள் வெயில் மறைந்து நிழல் வந்துவிடும். நல்ல வெயிலில் எஃப் 16 என்று வைத்தால் ஷட்டர் வேகம் (ஒளி உள்ளே விழும் நேரம், நொடியில்) ஐஎஸ்ஓவின் (ஒளியுணர்வைக் குறிக்கும் எண்) தலைகீழ் எண்ணாக இருக்க வேண்டும் என்ற பழைய கணக்கின்படி, ஐஎஸ்ஓ 400, எஃப் 5.6 என்றால் 1/3200 வரும். கனத்த மேகம் மூடினால் வெளிச்சம் மூன்று ஸ்டாப் (ஒரு ஸ்டாப் இறங்கினால் வெளிச்சம் பாதியாகும்) இறங்கி, அதே அமைப்பில் 1/400 ஆகிவிடும். என் லென்ஸில் அதிர்வைத் தடுக்கும் வசதி கிடையாது, சிறிய சென்சாரில் 400 எம்எம் லென்ஸ் 1.6 மடங்காக, 640 எம்எம் போலக் காட்டும் என்ற கணக்கையும் சேர்த்தால், அசையாமல் உட்கார்ந்திருக்கும் பறவைக்கே 1/640-க்குக் குறையக் கூடாது, பறக்கும் கொக்குக்கு 1/1600 வேண்டும்.

ஆக, ஒரு மேகம் கடக்கும் நேரத்துக்குள் ஷட்டரை ஒரு ஸ்டாப்பும் ஐஎஸ்ஓவை இரண்டு ஸ்டாப்பும் நகர்த்தியாக வேண்டும். சக்கரத்தின் ஒரு 'டிக்' மூன்றில் ஒரு ஸ்டாப் என்ற அமைப்பில் இதற்கு மொத்தம் 9 டிக் தேவைப்படும். கண்ணை வியூஃபைண்டரிலிருந்து எடுக்காமல், பறவையையும் விட்டுவிடாமல், இந்த 9 டிக்கை எந்த விரல் சுழற்றுவது என்பதுதான் என் முன்னால் இருந்த கேள்வி.

கேனன் கேமராவைப் பிடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: ஷட்டர் பட்டனுக்குப் பின்னால் ஒரு சக்கரம் (முன்சக்கரம்), அது ஆள்காட்டி விரலுக்கு, முதுகில் பெரிய வட்டச் சக்கரம் ஒன்று, அது பெருவிரலுக்கு. முன்சக்கரம் 1986-இல் வந்த டி90 கேமராவிலும், முதுகுச் சக்கரம் 1989-இல் வந்த முதல் இஓஎஸ்-1 கேமராவிலும் அறிமுகமானவை. அதற்கு முந்தைய ஃபிலிம் கேமராக்களில் துளையை லென்ஸின் வளையத்தில் இடக்கை திருப்பியது, ஷட்டர் வேகத்தை மேல்தகட்டில் வலக்கை திருப்பியது. இப்போது இடக்கை லென்ஸைத் தாங்குவதோடு நின்றுவிட, எல்லா வேலையும் வலக்கையின் இரண்டு விரல்கள் மேல் வந்து சேர்ந்திருக்கிறது. அந்த இரண்டு விரல்களில் ஒன்றுக்கு வேறு வேலை கொடுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதை இந்த அமைப்பை வகுத்தவர்கள் நம்மிடமே விட்டுவிட்டார்கள்.

பறவைப் படம் எடுப்பவர்களில் பலரைப் போல நானும் ஃபோகஸை ஷட்டர் பட்டனிலிருந்து பிரித்து, முதுகிலுள்ள ஏஎஃப்-ஆன் பட்டனுக்கு மாற்றியிருக்கிறேன். ஷட்டரைப் பாதி அழுத்தினால் ஒளியை அளப்பது மட்டும் தொடங்கும். பெருவிரல் ஏஎஃப்-ஆனை அழுத்திக்கொண்டிருக்கும் வரை ஃபோகஸ் பறவையைத் துரத்தும், விட்டால் நின்றுவிடும். உட்கார்ந்திருக்கும் பறவைக்கும் பறக்கும் பறவைக்கும் தனித்தனி ஃபோகஸ் முறையைத் தேட வேண்டியதில்லை என்பதால் இது அருமையான ஏற்பாடு. ஆனால் பறவையைத் துரத்தும் அந்த நேரம் முழுவதும் பெருவிரல் கட்டப்பட்டுக் கிடக்கிறது. எக்ஸ்போஷரை (படத்தில் பதியும் வெளிச்சத்தை) கூட்டவும் குறைக்கவும் முதுகுச் சக்கரத்தைச் சுற்ற வேண்டிய ஏவி முறையில் (துளையை நாம் வைக்க, ஷட்டர் வேகத்தைக் கேமராவே வைக்கும் முறை), ஃபோகஸை விட்டால்தான் வெளிச்சத்தைத் திருத்த முடியும், வெளிச்சத்தைத் திருத்தினால் ஃபோகஸ் போய்விடும் என்ற நிலை. ஆரியங்காவில் இருக்கும் என் இளைய நண்பர், நான் படம் எடுப்பதைச் சற்று நேரம் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "அண்ணாச்சி, பெருவிரல ஃபோகஸுக்குக் குடுத்துட்டீங்க. அதுகிட்டயே சக்கரத்தையும் சுத்தச் சொன்னா அது என்ன செய்யும்?"

அவர் சொன்ன பிறகு என் கேள்வியையே மாற்றிக்கொண்டேன். ஐஎஸ்ஓ, ஷட்டர், துளை ஆகியவற்றில் எது முக்கியமோ அதை நல்ல சக்கரத்தில் வைப்பது என்றுதான் அதுவரை யோசித்துக்கொண்டிருந்தேன். படம் எடுக்கும் அந்த நொடியில் எந்த விரல் சும்மா இருக்கிறது, அந்த விரலுக்கு எட்டுகிற இடத்தில் எதை வைப்பது என்று யோசித்தால், விடை முற்றிலும் வேறாக வருகிறது.

முதலில் சோதித்தது எம் (மேனுவல்) முறையோடு ஆட்டோ ஐஎஸ்ஓ. ஷட்டரையும் துளையையும் நாம் பிடித்துக்கொள்ள, மேகத்துக்கு ஏற்ப ஐஎஸ்ஓவைக் கேமராவே ஏற்றி இறக்கும். இந்த முறையிலும் எக்ஸ்போஷரைக் கூட்டிக் குறைக்க 7டி மார்க் 2 இடம் தருகிறது. 'செட்' பட்டனை அழுத்திக்கொண்டு முன்சக்கரத்தைத் திருப்பும்படி அமைத்துக்கொள்ளலாம். மெனுவில் பார்க்கும்போது இது முழு விடையாகவே தோன்றும். வயலில் இறங்கிப் பார்த்தால், செட் பட்டன் இருப்பது முதுகுச் சக்கரத்தின் நடுவில். அதை அழுத்த வேண்டியதும் அதே பெருவிரல்தான். ஃபோகஸ் புள்ளியை நகர்த்தும் சிறு கட்டையைச் சுற்றியிருக்கும் சிறு நெம்புகோலுக்கும் இதே வேலையைக் கொடுக்கலாம், அதுவும் பெருவிரலுக்கு உரியதே. இன்னொரு சிக்கலும் உண்டு. கொக்கு வெள்ளை, பின்னணி ஒரு நேரம் இருண்ட தென்னந்தோப்பு, மறு நேரம் வெளிர்பச்சை நாற்று, அடுத்து வானம். பின்னணி மாறுகிறபோதெல்லாம் ஆட்டோ ஐஎஸ்ஓ ஏறி இறங்குகிறது, கொக்கின் மேல் விழும் வெளிச்சம் மாறவே இல்லை என்றாலும். தோப்புக்கு முன்னால் பறக்கும்போது இறகின் விவரமெல்லாம் வெளுத்துப் போய்விடுகிறது.

ஆகவே வயலுக்கு முழு மேனுவல் என்று முடிவு செய்தேன். எம் முறை, ஐஎஸ்ஓவும் என் கையில். ஷட்டர் முன்சக்கரத்தில், அது கேனன் கொடுத்தபடியே இருக்கிறது. துளை முதுகுச் சக்கரத்தில். என் லென்ஸில் துளையை எஃப் 5.6-இலிருந்து நான் நகர்த்துவதே அபூர்வம் என்பதால், கட்டப்பட்டுக் கிடக்கும் பெருவிரலின் கீழ் அது கிடப்பதில் நஷ்டமில்லை. ஐஎஸ்ஓ பட்டன் மேல்தகட்டில், முன்சக்கரத்துக்குச் சற்றுப் பின்னால், தடவினால் தெரியும் சிறு புள்ளியோடு இருக்கிறது. அதை அழுத்திப் பிடித்திருக்கத் தேவையில்லை, ஒரு முறை தட்டிவிட்டுச் சக்கரத்தைத் திருப்பினால் போதும். தட்டுவதும் திருப்புவதும் ஆள்காட்டி விரலே. பெருவிரல் ஏஎஃப்-ஆனை விடவே வேண்டாம்.

இந்த ஏற்பாட்டுக்கு உயிர் கொடுத்தது இன்னொரு சிறு மாற்றம். கஸ்டம் ஃபங்ஷன் பட்டியலில் ஐஎஸ்ஓ எத்தனை ஸ்டாப்பாக நகர வேண்டும் என்பதை மூன்றில் ஒன்றிலிருந்து முழு ஸ்டாப்புக்கு மாற்றலாம். மாற்றினால் 400, 800, 1600, 3200 என்று தாவும். மேலே சொன்ன மேகக் கணக்கை இப்போது போட்டுப் பாருங்கள்: 400-இலிருந்து 1600-க்கு ஐஎஸ்ஓவில் 2 டிக், 1/3200-இலிருந்து 1/1600-க்கு ஷட்டரில் 3 டிக், 9 இருந்த இடத்தில் 5. டிக்குகளை விரலே எண்ணிக்கொள்வதால் எண்களைப் படிக்க வேண்டிய அவசியமும் குறைந்துவிட்டது. ஷட்டரையும் அரை ஸ்டாப்புக்கு மாற்றினால் இன்னும் குறையும்தான். ஆனால் கொக்கின் வெள்ளையில் மூன்றில் ஒரு ஸ்டாப் கூடினாலும் இறகு வரிகள் அழியக்கூடும் என்பதால் அதை நான் தொடவில்லை. ஐஎஸ்ஓவைப் பெருவெட்டாகவும் ஷட்டரை நுணுக்கமாகவும் வைத்துக்கொள்வதுதான் இந்த வேலைக்குப் பொருத்தம் என்பது என் உறுதியான கருத்து.

சாரலில் கேமராவுக்கு மேல் போடும் பிளாஸ்டிக் உறை முதுகுச் சக்கரத்தில் உரசி, துளையைத் தானாகவே எஃப் 7.1, எஃப் 8 என்று நகர்த்திவிடும். சக்கரத்துக்குக் கீழே உள்ள 'லாக்' சுவிட்சைப் போட்டுவிட்டால் அந்தச் சக்கரம் செயல்படாது. எந்தெந்தச் சக்கரம் பூட்டப்பட வேண்டும் என்பதையும் மெனுவில் குறித்துக்கொள்ளலாம். முதுகுச் சக்கரத்தை மட்டும் பூட்டி வைத்திருக்கிறேன். சக்கரம் சுழலும் திசையை மாற்றும் வசதியும் உண்டு. எனக்கு அது தேவைப்படவில்லை. வேறு நிறுவனக் கேமராவிலிருந்து வருபவர்களுக்கு உதவும்.

அந்த ஆரியங்காவு நண்பர் வைத்திருப்பது நிக்கான் டி7200. அதே கேள்வியை அதில் கேட்டால் விடை வேறு. நிக்கானில் முதன்மைச் சக்கரம் முதுகில், பெருவிரலுக்கு. துணைச் சக்கரம் பிடிமானத்தின் முன்பக்கம். எம் முறையில் ஷட்டர் பெருவிரலின் பங்காக வருகிறது. அவரும் ஏஇ-எல் ஏஎஃப்-எல் பட்டனை ஏஎஃப்-ஆன் ஆக்கி வைத்திருப்பதால் அதே முட்டுக்கட்டை அவருக்கும் இருந்தது. கஸ்டம் அமைப்பில் கன்ட்ரோல்ஸ் பிரிவுக்குள் போய், முதன்மைச் சக்கரத்தையும் துணைச் சக்கரத்தையும் ஒன்றுக்கொன்று மாற்றிக் கொடுத்தோம். இப்போது ஷட்டர் முன்பக்கம் வந்துவிட்டது. கேனனில் நான் மாற்றாமல் விட்டதை நிக்கானில் மாற்ற வேண்டியிருந்தது. காரணம் இரண்டுக்கும் ஒன்றே. இணையத்தில் கிடைக்கும் 'சிறந்த அமைப்பு'ப் பட்டியல்களை அப்படியே எடுத்துக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லாததும் இதனால்தான்.

கணவாய்க்கு அந்தப் பக்கம் கதையே வேறு. பாலருவிக் காட்டுக்குள் வெளிச்சம் குறைவு, ஆனால் மேகத்துக்கு மேகம் துள்ளுவதில்லை. பறவையும் மலையணிலும் பெரும்பாலும் கிளையில் இருக்கும், பின்னால் இலைகளுக்கிடையே வெள்ளை வானம் இருக்கும். ஓயாமல் துரத்த வேண்டிய தேவை இல்லாததால் பெருவிரல் விடுதலையாகிறது. அங்கே ஃபோகஸை ஷட்டர் பட்டனுக்கே திருப்பிக் கொடுத்து, எம் முறையோடு ஆட்டோ ஐஎஸ்ஓ வைத்து, அதன் உச்சவரம்பை 3200-இல் நிறுத்தி, செட் பட்டனையும் முன்சக்கரத்தையும் கொண்டு எக்ஸ்போஷரைக் கூட்டிக்கொள்கிறேன். வானத்தை முதுகில் வைத்து உட்கார்ந்திருக்கும் மலையணிலுக்கு ஒன்று முதல் ஒன்றரை ஸ்டாப் வரை கூட்டினால்தான் அதன் செம்பழுப்பு தெரிகிறது. வயலில் உதவாத ஏற்பாடு, காட்டில் கைக்கு இதமாக அமைந்துவிட்டது.

இரண்டையும் மோட் டயலில் சி1, சி2 என்று பதிந்துவிட்டேன்: வயல் சி1, காடு சி2. பதியும்போது 'ஆட்டோ அப்டேட்' என்ற அமைப்பை அணைத்து வைப்பது நல்லது. அணைத்திருந்தால், இடையில் என்ன மாற்றினாலும் கேமராவை நிறுத்தி மறுபடி போட்டதும் பதிந்த அமைப்புக்கே திரும்பிவிடும். ஆனால் கேமரா சும்மா இருந்து தானாக உறங்கினாலும் இது நடக்கும் என்பதால், தானாக உறங்கும் நேரத்தைச் சற்று நீட்டி வைத்திருக்கிறேன். சி3 இன்னும் காலியாக இருக்கிறது. கழுதுருட்டியில் பதிமூன்று கண் பாலத்தின் மேல் ரயில் வரும்போது எடுக்க, துளையை முன்சக்கரத்துக்கும் ஷட்டரை முதுகுச் சக்கரத்துக்கும் இடம் மாற்றி அதில் பதிந்து பார்க்க வேண்டும்; அங்கே ரயில் மெல்லத்தான் ஏறும், பாலத்தின் முதல் வளைவிலிருந்து கடைசி வளைவு வரை தெளிவாக விழ வேண்டியிருப்பதால் துளைதான் அடிக்கடி நகரும்.