எலி எடையும் புல் எடையும்

கலிஃபோர்னியாவின் கரிசோ சமவெளியில் களப்பணியாளராக நான் பார்த்த வேலையைச் சுருக்கமாகச் சொன்னால், எலியைப் பிடித்து, எடை போட்டு, பிடித்த இடத்திலேயே விடுவது. அது ராட்சதக் கங்காரு எலி. கங்காரு எலிகளில் இதுதான் பெரியது என்றாலும், வாலை விட்டுவிட்டால் உடல் 15 செ.மீ. அளவுதான். ஒருகாலத்தில் அதே மாநிலத்தின் சான் வாக்கின் பள்ளத்தாக்கின் மேற்கு ஓரம் நெடுக இருந்தது. கால்வாய்த் தண்ணீர் வந்து நிலமெல்லாம் உழவுக்குப் போனதில் இடம் சுருங்கி, 1987-ல் அமெரிக்க அரசின் அழியும் உயிரினப் பட்டியலில் ஏறியது. மிஞ்சிய இடங்களில் கரிசோ முக்கியமானது.

பொழுது சாயும்போது அலுமினியப் பெட்டிப் பொறிகளை வளை வாசல்களில் வைப்போம். உள்ளே கொஞ்சம் பறவைத் தீனி. குளிரில் எலி விறைத்துவிடக் கூடாது என்பதால் இரவிலேயே போய்ப் பார்த்துவிட வேண்டும். கதவு மூடியிருந்தால் பெட்டியின் வாயில் துணிப்பையைப் பொருத்திச் சாய்ப்போம். எடை போடும்போது கன்னங்களைக் கவனிக்க வேண்டும். வாய்க்கு வெளியே திறக்கும், உட்புறம் ரோமம் கொண்ட இரண்டு பைகள் அங்கே இருக்கின்றன. நாம் போட்ட தீனியை அதில் திணித்து வைத்திருக்கும்; அதைக் கழிக்காமல் எழுதினால் கணக்கு தப்பு. அப்புறம் பின்பாதத்தை அளக்க வேண்டும். சிறிய கங்காரு எலி இனங்களும் அதே பொறியில் விழும் என்பதால் இந்த அளவில் அவசரப்படவே கூடாது. தரையில் விட்டதும் இரண்டு கால்களில் தாவி வளைக்குள் போய்விடும். சில நேரம் உள்ளிருந்து காலால் தரையைத் தட்டும் சத்தம் கேட்கும். தன் எல்லையை அண்டை எலிகளுக்கு அறிவிப்பது அப்படித்தான்.

பகலில் பார்த்தால் ஒவ்வொரு எலியின் வளையைச் சுற்றியும் புல் வெட்டப்பட்ட வட்டம் தெரியும். கதிர்களைக் கத்தரித்து, வெயிலில் காயவைத்து, உள்ளே சேமிக்கிறது. அந்த வளைகளில்தான் மழுங்குமூக்குச் சிறுத்தைப் பல்லி ஒதுங்குகிறது. இங்குள்ள சான் வாக்கின் கிட் நரி என்ற சிறு நரிக்கு இந்த எலிதான் முக்கிய இரை. அந்தப் பல்லி, நரி இரண்டும் அழிவின் விளிம்பில் இருப்பவை. எலியைக் காப்பாற்றினால் அவற்றுக்கும் வழி பிறக்கும் என்பதால்தான் இந்த வேலை எனக்கு இவ்வளவு பெரிதாகப் பட்டது.

நல்ல மழை பெய்த ஆண்டில் சமவெளி பச்சைப் பசேலென்று இருக்கும். பார்க்க வருபவர்களுக்குச் சந்தோஷம், எங்களுக்குக் கவலை. அந்தப் பச்சையில் பெரும்பங்கு மத்தியதரைக்கடல் பக்கத்திலிருந்து வந்து பரவிய ஓராண்டுப் புல். அது அடர்ந்து உயர்ந்தால் தாவி ஓடும் எலிக்கு வழி அடைபடும். மறுபக்கம், கடும் வறட்சி வந்தால் விதையே இருக்காது.

அதனால் மாடு மேய விடலாமா என்ற கேள்வி அங்கே தீராத விவாதம். மழை அதிகமான ஆண்டில் விடலாம், வறட்சியில் கூடவே கூடாது என்பது என் கருத்து. எல்லா ஆண்டுக்கும் ஒரே விதி போடுவது இந்த நிலத்துக்குச் சரிவராது. அந்தந்த ஆண்டு என்ன செய்வது என்று முடிவெடுக்க, புல் எவ்வளவு இருக்கிறது என்று தெரிய வேண்டும். தரையில் ஓர் அளவுச் சட்டகத்தை வைத்து, அதற்குள் இருக்கும் புல்லை அறுத்து, உலர்த்தி எடை போட்டதும் எங்கள் வேலையில் சேர்த்திதான்.