அரியருக்குப் பின்னால்

வேலூர்ப் பக்கம் ஒரு கலைக் கல்லூரியில் மாணவர் ஆலோசகராக இருக்கிறேன். ஆம்பூர், வாணியம்பாடியிலிருந்து காட்பாடி வரை ரயிலிலும் அப்புறம் பஸ்ஸிலும் வருகிற பிள்ளைகள் நிறைய. பலர் வீட்டில் முதன்முதலாகக் காலேஜ் வாசலை மிதித்தவர்கள்.

"கவனமே இல்லை, அரியர் வச்சிருக்கான்" என்று சொல்லித்தான் பெரும்பாலும் என்னிடம் அனுப்புவார்கள். நானும் வழக்கப்படி மனச்சோர்வை அளக்கும் பி.எச்.க்யூ-9 படிவத்தை நீட்டுவேன். கடந்த 2 வாரத் தூக்கம், பசி, சோர்வு என்று 9 கேள்விகள். மொத்த மதிப்பெண் 27, அதில் 10-ஐத் தொட்டாலே கூடுதலாகக் கவனிக்க வேண்டும். நல்ல படிவம்தான். ஆனால் மனசு எவ்வளவு வாடியிருக்கிறது என்று காட்டுமே தவிர, எதனால் என்று காட்டாது.

அதற்காகச் சில அட்டைகள் வைத்திருக்கிறேன். குடும்பம், நேர்மை, சொந்த முடிவு, பாதுகாப்பு, ஊர் மரியாதை என்று அட்டைக்கு ஒன்று. 'உனக்கு எது முக்கியமோ அதை மேலே வை' என்பேன். இறுதியாண்டு மாணவி ஒருத்தி (அடையாளத்தை மாற்றித்தான் எழுதுகிறேன்) குடும்பத்தையும் சொந்த முடிவையும் மாற்றி மாற்றி மேலே வைத்துக்கொண்டே இருந்தாள். அம்மாவுக்கு ஷூ கம்பெனியில் தையல் வேலை. புதுமைப் பெண் திட்டத்தில் மாதாமாதம் வரும் 1,000 ரூபாயைக்கூட அப்படியே அம்மாவிடம் கொடுத்துவிடுகிறவள். சென்னையில் எம்.எஸ்சி. படிக்க ஆசை.

"அப்படி ஆசைப்படுறதே தப்புன்னு தோணுது மேம்."

உளவியலாளர் ஷாலோம் ஷ்வார்ட்ஸ் 1992-இல் 10 விழுமியங்களை, அதாவது மனிதர்கள் வாழ்க்கையில் முக்கியம் என்று நினைப்பவற்றை, ஒரு வட்டத்தில் அடுக்கினார். சுயமாக முடிவெடுப்பது ஒரு பக்கம். மரபும் கட்டுப்பாடும் பாதுகாப்பும் நேர் எதிரே. அதைத் தாளில் வரைந்து காட்டினேன். "இது ரெண்டும் எல்லாருக்குமே இடிக்குமா மேம்?" என்றாள். இடிக்கும் என்றேன். அன்றைக்கு அதற்கு மேல் எதுவும் பேசவில்லை.

அம்மாவை வரச்சொல்லிக் கேட்டால், அவர் கணக்கே வேறு. "படிக்கட்டும் மேடம், யாரு வேணாம்னது? ஹாஸ்டல் ஃபீஸை நெனச்சாதான் பயம்." மகள் வாயைத் திறக்காமல் அவரைப் பார்த்தாள். மிச்ச நேரமெல்லாம் அரசு விடுதி, கல்வி உதவித்தொகை பற்றித்தான் பேச்சு.

மதிப்புக் கல்வி என்று ஒரு பாடமே நடத்துகிறோம். மனப்பாடம் செய்து நல்ல மார்க்கும் வாங்குகிறார்கள். உனக்கு எது முக்கியம் என்று மட்டும் அந்த வகுப்பில் யாரும் கேட்பதில்லை. எனக்கு இதில் கோபமே உண்டு.

எல்லாம் அட்டையில் தீராது. சாவைப் பற்றிப் பேச்சு வந்தால் அட்டையை எடுத்து வைத்துவிட்டு, தனியாக விடாமல், மனநல மருத்துவரிடம் அனுப்ப ஏற்பாடு செய்வேன். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416-ஐ எல்லோருக்குமே எழுதிக் கொடுப்பேன்; இரவிலும் பேசலாம், காசு கிடையாது. பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையம் கிட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் அந்தப் பெயரை எடுத்ததும் சில பெற்றோருக்கு முகம் மாறிவிடுகிறது. அவர்களிடம் முதலில் பிள்ளையின் தூக்கத்தைப் பற்றித்தான் பேச்செடுக்கிறேன். தூக்கத்துக்கு டாக்டரைப் பார்க்க யாரும் மறுப்பதில்லை.