இன்ஜினைத் திறக்காமல் ஒரு டர்போ

என்னிடம் இருப்பது 1994ஆம் ஆண்டு மாஸ்டா எம்எக்ஸ்-5. அமெரிக்காவில் எல்லோரும் அதை மியாட்டா என்றே அழைக்கிறார்கள். டெக்ஸாஸில் குடியேறிய இரண்டாம் ஆண்டில், மேற்கூரைத் துணி கிழிந்து கிடந்த நிலையில் அதை வாங்கினேன். அதன் 1.8 லிட்டர் இன்ஜின் தொழிற்சாலையிலிருந்து வந்தபோது 128 குதிரைத்திறனும் ஏறக்குறைய 149 நியூட்டன் மீட்டர் டார்க்கும் (முறுக்குவிசை) கொண்டது. வண்டியின் எடை ஆயிரம் கிலோவைச் சற்றே தாண்டும் என்பதால் வளைவுகளில் அது யாருக்கும் சளைத்ததில்லை. பந்தயத் தடத்தின் நேர்ப்பாதையில் மட்டும் பின்தங்கிவிடும். அதனால், வெளியேறும் புகையின் விசையில் சுழன்று இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி ஊதும் டர்போவைப் பொருத்த வேண்டும் என்ற ஆசை வந்தது. ஒரு நிபந்தனையும் கூடவே வைத்துக்கொண்டேன்: இன்ஜினைத் திறக்கக் கூடாது, பிஸ்டனும், அதன் விசையைக் கிராங்க் தண்டுக்குக் கடத்தும் கனெக்டிங் ராடும் மாஸ்டா போட்டவையாகவே இருக்க வேண்டும். இந்த ஒரு நிபந்தனையால், டர்போவும் துணைப் பாகங்களும் சேர்ந்த கிட்டைத் தேர்ந்தெடுக்கவே எனக்கு எட்டு மாதங்கள் பிடித்தன.

அவ்வளவு நிதானம் காட்டியதற்கு என் நண்பரின் வண்டியே காரணம். அவரும் இதே ஆண்டு வண்டி வைத்திருந்தார். இணையத்தில் விலை குறைவாகக் கிடைத்த ஒரு கிட்டை, எத்தனை குதிரைத்திறன் தரும் என்ற ஒரே கேள்வியோடு வாங்கிப் பொருத்தினார். கோடை முழுவதும் நன்றாக ஓடிய வண்டி, குளிர்காலத்தின் ஒரு காலை நேரத்தில், காற்று அடர்த்தியாக இருந்த வேளையில், டர்போ கூடுதலாக ஏற்றும் காற்றழுத்தமான பூஸ்ட் 14 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 14 பவுண்டு) வரை ஏறியதும் லேசாக நடுங்கத் தொடங்கியது. ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்று காட்டும் கம்ப்ரெஷனைச் சோதித்தபோது மூன்று சிலிண்டர்கள் 175 பிஎஸ்ஐக்கு அருகில் இருந்தன. மூன்றாவது சிலிண்டர் மட்டும் 142 காட்டியது. ரிங் தேய்ந்திருக்கும் என்று நினைத்து சிலிண்டருக்குள் காற்றைச் செலுத்திக் கசிவு பார்க்கும் லீக்டவுன் சோதனையும் செய்தோம். காற்று எங்கும் கசியவில்லை. ரிங்கும் வால்வும் நன்றாக இருந்தும் கம்ப்ரெஷன் குறைகிறது என்றால் பிஸ்டன் மேலே வரவேண்டிய உயரத்துக்கு வரவில்லை என்று பொருள். இன்ஜினைப் பிரித்து அந்த ராடைக் கண்ணாடிப் பலகைமேல் படுக்கவைத்தோம். கையில் பிடித்துப் பார்த்தபோது நேராகத் தெரிந்த இரும்பு, கண்ணாடிமேல் வைத்ததும் நடுவில் ஒரு தடித்த அட்டை நுழையும் அளவுக்கு எழும்பி நின்றது.

அன்றிலிருந்து நான் குதிரைத்திறனைப் பற்றிக் கேட்பதை விட்டுவிட்டு டார்க்கைப் பற்றிக் கேட்கத் தொடங்கினேன். ராடை வளைப்பது சிலிண்டருக்குள் எழும் அழுத்தம். அந்த அழுத்தத்தை வெளியில் நமக்குக் காட்டுவது டார்க்; குதிரைத்திறன் என்பது டார்க்கையும் சுழற்சி வேகத்தையும் பெருக்கி வருவது. 200 குதிரைத்திறனை 6,500 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 6,500 சுற்று) எடுக்க 219 நியூட்டன் மீட்டர் போதும். அதே 200ஐ 4,500 ஆர்பிஎம்மில் எடுக்க வேண்டுமானால் 316 நியூட்டன் மீட்டர் தேவை. இந்த இன்ஜினின் ராடுகள் 300 நியூட்டன் மீட்டரை நெருங்கும்போது வளையும் என்பது மியாட்டாவுக்கு டர்போ பொருத்துகிறவர்கள் பல இன்ஜின்களை இழந்து அறிந்துகொண்ட எல்லை. ஆக, விளம்பரத்தில் ஒரே எண்ணைக் காட்டும் இரண்டு கிட்டுகளில் ஒன்று என் இன்ஜினைப் பல ஆண்டுகள் ஓடவிடும், மற்றொன்று ஒரே மாதத்தில் முடித்துவிடும்.

இங்கே ஒரு பொதுவான அறிவுரையை மறுத்தே ஆக வேண்டும். இன்ஜின் பழையது என்றால் முடிந்தவரை சிறிய டர்போவாகப் பாருங்கள் என்று பலரும் சொல்வார்கள். சிறிய டர்போ சீக்கிரம் சுழலத் தொடங்கும் என்பதும், ஓட்டுவதற்கு இனிமையாக இருக்கும் என்பதும் உண்மைதான். ஆனால் குறைந்த ஆர்பிஎம்மிலேயே முழு பூஸ்ட்டும் வந்து இறங்குவதால் டார்க்கின் உச்சம் ராடுக்கு மிகவும் பாதகமான இடத்தில் அமைகிறது. நான் ஒப்பிட்டுப் பார்த்தவை காரெட் நிறுவனத்தின் ஜிடி2554ஆர், ஜிடி2560ஆர் ஆகிய இரண்டு. முதலாவதை 170 முதல் 270 குதிரைத்திறன் வரைக்கும், இரண்டாவதை 200 முதல் 330 வரைக்கும் அந்நிறுவனம் பரிந்துரைக்கிறது. என் இலக்கு 200ஐச் சற்றே தாண்டியது என்பதால் சிறியதே போதும் என்றுதான் முதலில் எண்ணினேன். பிறகு, சற்றுத் தாமதமாக எழும்பி மேலே மூச்சு முட்டாமல் ஊதும் ஜிடி2560ஆரையே எடுத்தேன். அதைவிட முக்கியமாக, டர்போவுக்குப் போகும் புகையில் ஒரு பகுதியைத் திருப்பிவிட்டுப் பூஸ்ட்டை அடக்கும் வேஸ்ட்கேட் வால்வை 6 பிஎஸ்ஐ ஸ்பிரிங்குடன் கேட்டு வாங்கினேன். வேஸ்ட்கேட் ஸ்பிரிங்கின் அழுத்தத்துக்குக் கீழே பூஸ்ட்டை எந்தக் கருவியாலும் குறைக்க முடியாது என்பதால் ஸ்பிரிங் மென்மையாக இருக்க வேண்டும். மேலே ஏற்ற வேண்டியதை மின்னணுக் கட்டுப்பாடு பார்த்துக்கொள்ளும். இப்போது 4,000 ஆர்பிஎம் வரை 6 பிஎஸ்ஐ, பிறகு படிப்படியாக உயர்ந்து 5,500க்கு மேல் 8 பிஎஸ்ஐ என்று அமைத்திருக்கிறேன்.

எங்கே நிற்பது என்பதற்கு மாஸ்டா நிறுவனமே ஓர் அளவுகோலை விட்டுச் சென்றிருக்கிறது. 2004, 2005ஆம் ஆண்டுகளில் அது டர்போ பொருத்தியே விற்ற மாஸ்டாஸ்பீடு எம்எக்ஸ்-5, இதே 1.8 லிட்டர் குடும்பத்து இன்ஜினில் 178 குதிரைத்திறனும் 225 நியூட்டன் மீட்டரும் தந்தது. உத்தரவாதம் கொடுத்து விற்கும் நிறுவனம் 225இல் நின்றது என்றால், உத்தரவாதம் ஏதும் இல்லாத நான் 250ஐத் தாண்டக் கூடாது என்று எனக்கு நானே வரம்பு வைத்துக்கொண்டேன்.

அடுத்தது வெப்பம். டெக்ஸாஸின் கோடையில் 35 டிகிரி என்பது மிதமான நாள். அந்தக் காற்றை 8 பிஎஸ்ஐக்கு அழுத்தினால், கம்ப்ரெஸரின் திறன் 70 விழுக்காடு என்று வைத்துக்கொண்டாலும், வெளியே வரும் காற்று 90 டிகிரியைத் தாண்டிவிடும். பூஸ்ட் குறைவுதானே, அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் எதற்கு என்று சில கிட்டுகள் அதை விருப்பத் தேர்வாக வைத்திருக்கின்றன. வெயில் ஊரில் இருப்பவர்கள் அத்தகைய கிட்டைத் தொடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. சூடான காற்று, தீப்பொறி மூட்டிய பிறகு எஞ்சிய கலவை தானாக வெடிக்கும் நாக்கிங்கை வரவழைக்கிறது. ராடு வளைவதற்கு முன்பே பிஸ்டனின் ரிங் விளிம்பு உடைவது பெரும்பாலும் அதனால்தான். 1962இல் ஓல்ட்ஸ்மொபைல் நிறுவனம் ஜெட்ஃபயர் என்ற காரில் டர்போ பொருத்தியபோது சிலிண்டருக்குள் கலவை எத்தனை மடங்கு சுருக்கப்படுகிறது என்ற கம்ப்ரெஷன் விகிதத்தைக் குறைக்காமல் 10.25:1 என்றே வைத்துக்கொண்டு, நாக்கிங்கை அடக்க மெத்தனாலும் நீரும் கலந்த ஒரு திரவத்தைத் தனித் தொட்டியிலிருந்து பீய்ச்சியது. வாடிக்கையாளர்கள் அந்தத் தொட்டியை நிரப்ப மறந்தார்கள். கார் இரண்டே ஆண்டுகளில் நின்றுபோனது. என் இன்ஜினின் விகிதம் 9.0:1. இங்கே நாக்கிங்கை நன்கு தாங்கும் 93 ஆக்டேன் பெட்ரோல் எளிதாகக் கிடைக்கிறது. இரண்டும் எனக்கு அமைந்த நல்வாய்ப்புகள்.

பெட்ரோலை எப்படிக் கூட்டிக் கொடுப்பது என்பதில்தான் மலிவான கிட்டுகள் பெரும்பாலும் சறுக்குகின்றன. பழைய கிட்டுகள் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரை மாற்றாமல், பூஸ்ட் ஏறும்போது எரிபொருள் அழுத்தத்தை மட்டும் ஏற்றும் ரெகுலேட்டர் ஒன்றைக் கொடுத்துவிட்டு முடித்துக்கொள்ளும். என் நண்பரின் கிட்டும் அந்த வகையே. அது ஒருவகையில் வேலை செய்யும். ஆனால் தீப்பொறி எந்தக் கணத்தில் எழ வேண்டும் என்பது அதற்குத் தெரியாது. நான் இன்ஜெக்டர்களைக் கணக்கிட்டே வாங்கினேன். 220 குதிரைத்திறனுக்கு மணிக்கு ஏறக்குறைய 132 பவுண்டு பெட்ரோல் வேண்டும். நான்காகப் பிரித்து, 80 விழுக்காடு நேரத்துக்கு மேல் திறந்திருக்கக் கூடாது என்று வைத்தால், ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு 430 சிசி தர வேண்டும். அவற்றோடு, பெட்ரோலையும் தீப்பொறியையும் கட்டுப்படுத்தும் கணினியான மெகாஸ்குவர்ட் இசியு, காற்றும் பெட்ரோலும் கலக்கும் விகிதத்தைக் காட்டும் வைட்பேண்டு ஆக்சிஜன் சென்சார். இந்த மூன்றுக்கும் ஆன செலவு டர்போவின் விலையைத் தாண்டிவிட்டது. பணம் குறைவாக இருந்தால் டர்போவைத் தள்ளிப்போட்டு இவற்றை முதலில் வாங்குங்கள். டர்போ இல்லாமலே ஒரு மாதம் இந்த இசியுவில் வண்டியை ஓட்டிப் பழகலாம். நான் அப்படித்தான் செய்தேன்.

கிட்டில், இன்ஜினின் புகையை டர்போவுக்குக் கொண்டுசெல்லும் மேனிஃபோல்டு வார்ப்பிரும்பாக இருக்கிறதா என்று பாருங்கள். மெல்லிய குழாய்களை வெல்டிங் செய்தவை பார்க்க அழகாக இருக்கும், டர்போவின் எடையைச் சுமந்தபடி சூடேறி ஆறி விரைவில் விரிசல் விடும். எண்ணெய் வெளியேறும் குழாயையும் பாருங்கள். டர்போவின் பேரிங்கைக் கடந்த எண்ணெய் நுரையாகத்தான் இறங்குகிறது. அதற்குப் பின்னால் அழுத்தம் கிடையாது, ஈர்ப்பு விசைதான் இழுக்க வேண்டும். குழாய் அகலமாகவும் வளைவின்றிக் கீழ்நோக்கியும் சென்று, இன்ஜினின் அடியில் எண்ணெய் தேங்கும் ஆயில் பேனில் எண்ணெய் மட்டத்துக்கு மேலே சேர வேண்டும். அதற்காக ஆயில் பேனில் ஒரு துளை போட நேர்ந்தது. மியாட்டாவில் பேனைக் கழற்ற இன்ஜினைத் தாங்கும் சட்டமான முன் சப்ஃபிரேமையே இறக்க வேண்டும் என்பதால், ட்ரில் முனையில் கிரீஸை அப்பி, இரண்டு சுற்றுக்கு ஒருமுறை வெளியே எடுத்து, கிரீஸில் ஒட்டிய துகள்களைத் துடைத்துவிட்டு மீண்டும் பூசி, அரை மணி நேரம் அந்த ஒரே துளைக்குச் செலவிட்டேன். முடிந்ததும் மலிவான எண்ணெயை ஊற்றி வடித்துத் துணியில் வடிகட்டிப் பார்த்தேன். இரண்டே துகள்கள் இருந்தன. அவை போகும்வரை இன்னொரு முறை ஊற்றினேன்.

கோயம்புத்தூரில் இருக்கும் என் தம்பி, "அண்ணா, என் ஸ்விஃப்ட்டுக்கும் இப்படி ஒன்று போடலாமா?" என்று கேட்டான். வேண்டாம் என்றேன். அவனுடைய 1.2 லிட்டர் ட்யூவல்ஜெட் இன்ஜினின் கம்ப்ரெஷன் விகிதம் 12:1. அதன்மேல் பூஸ்ட் ஏற்றுவது நாக்கிங்கை விலைகொடுத்து வாங்குவதற்குச் சமம். சட்டமும் இடம் தராது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. செட்டிபாளையத்தில் இருக்கும் பந்தயத் தடமான கரி மோட்டார் ஸ்பீட்வேயில் மட்டும் ஓட்டுவதற்காகத் தனி வண்டி கட்டுவதாக இருந்தால் பேசலாம் என்று சொல்லியிருக்கிறேன்.

டர்போ பொருத்தி இப்போது 9,000 மைல்கள் ஓடிவிட்டன. பொருத்துவதற்கு முன் நான்கு சிலிண்டர்களும் 178, 176, 180, 177 என்று காட்டின. சென்ற ஞாயிற்றுக்கிழமை அதே கேஜை அதே வரிசையில் வைத்து அளந்தேன்: 177, 176, 178, 177. தாளில் பழைய எண்களுக்குக் கீழே இவற்றை எழுதி, கராஜ் சுவரில் ஒட்டிவைத்திருக்கிறேன்.