ஷாக் நின்றுபோன பிளக் பாயிண்ட்

ஜூன் 7

அக்கா வீட்டில் வாஷிங் மெஷினைத் தொட்டால் விரலில் சுருக்கென்று இருந்ததாம். புது பாயிண்ட் வைத்த எலக்ட்ரீஷியனையே திரும்பக் கூப்பிட்டிருக்கிறார்கள். வந்தவர் சாக்கெட்டைக் கழற்றி ஏதோ செய்து, ஐந்தே நிமிடத்தில் மாட்டிவிட்டுப் போயிருக்கிறார். அதன்பிறகு ஷாக் இல்லை.

எனக்கு அந்த ஐந்து நிமிடம்தான் இடிக்கிறது. மெஷின் பாடியில் சுருக்கென்று வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது, கசியும் மின்சாரத்தைத் தரைக்குக் கொண்டுபோகும் எர்த்தை. சாக்கெட்டில் ஸ்க்ரூ தளர்ந்திருந்தால் ஐந்து நிமிட வேலைதான். லைனில் விட்டுப்போயிருந்தால்?

ஜூன் 8

"இப்பத்தான் ஷாக் அடிக்கலையேடா, எதுக்குப் பிரிக்கிற?" என்றாள் அக்கா. பிரிப்பதற்கு முன்னால் அளந்து காட்டுகிறேன் என்றேன்.

பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையில் 231 வோல்ட். பேஸுக்கும் எர்த்துக்கும் அதே 231. சாக்கெட் டெஸ்டரின் விளக்குகளும் எல்லாம் சரி என்றே காட்டின. ஆனால் டெஸ்டரில், கசிவு வந்தால் சப்ளையை வெட்டும் ஆர்.சி.சி.பி.யைத் தட்டிப் பார்க்கும் பொத்தானை அழுத்தினால் ஒன்றுமே நடக்கவில்லை. போர்டுக்குப் போய் ஆர்.சி.சி.பி.யின் சொந்த டெஸ்ட் பொத்தானை அழுத்தினேன், உடனே விழுந்தது. அப்படியானால் கருவி நன்றாக இருக்கிறது, கோளாறு சாக்கெட்டில்.

பேஸில் போகும் மின்சாரமும் நியூட்ரலில் திரும்பும் மின்சாரமும் சமமா என்று மட்டும்தான் ஆர்.சி.சி.பி. பார்க்கும். இந்த வீட்டில் இருப்பது 30 மில்லி ஆம்பியர் வித்தியாசத்துக்குள் விழுந்துவிடும் வகை. கசிவு எர்த்தில் போனால் திரும்புவது குறையும், அது கண்டுபிடித்துவிடும். கசிந்த மின்சாரமும் நியூட்ரல் வழியாகவே திரும்பினால் அதற்கு எதுவும் தெரியாது. அந்த எலக்ட்ரீஷியன் என்ன செய்திருப்பார் என்று இதிலேயே புரிந்துவிட்டது.

ஜூன் 9

அந்த லைனுக்கான எம்.சி.பி. சுவிட்சை இறக்கி, மீட்டரை வேறொரு உயிருள்ள பாயிண்டில் வைத்துப் பார்த்துவிட்டு, இங்கே சப்ளை இல்லை என்று உறுதி செய்தபிறகு கழற்றினேன். எர்த்துக்கான பச்சை வயர் டேப் சுற்றி பாக்ஸின் பின்னால் மடித்துக் கிடக்கிறது. நியூட்ரல் முனையிலிருந்து எர்த் முனைக்கு விரல் நீளக் கறுப்பு வயர் ஒன்று.

கோபம் வந்தது. தெரியாமல் செய்த வேலை இல்லை இது. எர்த் வரவில்லை என்று தெரிந்துதான் நியூட்ரலை அங்கே கொடுத்திருக்கிறார். நியூட்ரல் வழியில் எங்காவது ஒரு ஜாயின்ட் விட்டுப்போனால் போதும், மெஷின் ஓடாது, ஆனால் அதன் வழியாக வந்த பேஸ் அப்படியே தகரப் பாடியில் நிற்கும். மெஷின் நின்றுவிட்டதே என்று ஈரக்கையோடு முதலில் தொடப்போவது அக்காதான். முன்பு அடித்த சுருக்காவது எச்சரிக்கையாக இருந்தது. அதையும் வாயடைத்துவிட்டார்.

அக்காவிடம் அந்தத் துண்டு வயரைக் காட்டிச் சொன்னேன். பேசாமல் மெஷின் பிளக்கை எடுத்து மேலே சுற்றி வைத்தாள்.

ஜூன் 10

பச்சை வயருக்கும் போர்டில் உள்ள எர்த் பட்டைக்கும் தொடர்பு இல்லை. கூரையோர ஜங்ஷன் பாக்ஸைத் திறந்தால், முறுக்கி டேப் மட்டும் சுற்றிய எர்த் ஜாயின்ட் கழன்று தொங்குகிறது. நுனியை வெட்டி, புதிதாகச் சீவி, கனெக்டரில் இறுக்கினேன். ஒவ்வொரு வயரையும் இழுத்துப் பார்த்தேன். பக்கத்திலேயே ஒரு நியூட்ரல் ஜாயின்ட்டும் தளர்ந்திருந்தது, அதையும் மாற்றினேன். அந்த ஜாயின்ட்டில் 0.2 ஓம் இருந்தாலே 15 ஆம்பியர் ஓடும்போது 45 வாட் சூடு அங்கேயே இறங்கும். டேப் கருக அது போதும்.

பச்சை வயரைச் சாக்கெட்டில் அதற்குரிய முனையில் மாட்டினேன். கறுப்புத் துண்டை எடுத்தாயிற்று. எர்த் துளையிலிருந்து எர்த் பட்டை வரை 0.4 ஓம், தொடர்பு வந்துவிட்டது. சப்ளை கொடுத்து டெஸ்டர் பொத்தானை அழுத்தியதும் ஆர்.சி.சி.பி. பட்டென்று விழுந்தது.

அதே ஆள் வைத்த பாயிண்ட் சமையலறையில் ஒன்று, படுக்கையறையில் ஒன்று இருக்கின்றன. படுக்கையறையில் சுவிட்ச் அணைந்திருந்தும் சாக்கெட்டில் டெஸ்டர் எரிகிறது, சுவிட்சைப் பேஸில் கொடுக்காமல் நியூட்ரலில் கொடுத்திருக்கிறார். நாளைக்கு அந்த இரண்டையும் பிரிக்கிறேன். அதுவரை அவற்றில் எதையும் செருக வேண்டாம் என்று அக்காவிடம் சொல்லிவிட்டேன்.