மகளுக்கு முதல் கார்: எஞ்சின் ஆறியிருக்கும்போதே போய்ப் பாருங்கள்

பழைய கார் வாங்குவதென்றால் விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: நாங்கள் வரும்வரை வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார்கள் என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்ததும் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. வெள்ளைப் புகை சற்று நேரத்தில் அடங்கினால் வெறும் நீராவி. அடங்காமல், இனிப்பு வாடையோடு தொடர்ந்தால் எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் உள்ளே கசிகிறது. ஹெட் கேஸ்கட் (எஞ்சினின் மேல்பாகத்துக்கும் கீழ்ப்பாகத்துக்கும் நடுவே கசிவைத் தடுக்கும் தகடு) போயிருக்கலாம், அந்த வண்டி வேண்டாம்.

எஞ்சினுக்குள் வால்வுகளையும் பிஸ்டன்களையும் ஒத்து இயங்கவைப்பது டைமிங் பெல்ட்டா, செயினா என்று கேளுங்கள். பெல்ட் என்றால் பல எஞ்சின்களில் சுமார் 1 லட்சம் கிலோமீட்டரில் மாற்ற வேண்டும். மாற்றியதற்கு ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே கணக்கு. ஓடும்போது அறுந்தால் பெரும்பாலான எஞ்சின்களில் வால்வுகள் பிஸ்டனில் மோதி வளைந்துவிடும்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ன் 23-வது வாரத் தயாரிப்பு. பட்டன் (தரையில் படும் மேடு பள்ளங்கள்) தேயாமல் நன்றாக இருந்தாலும் பத்து வருட டயரை நம்பாதீர்கள்.

டர்போ இல்லாத சிறிய பெட்ரோல் எஞ்சின் போதும். ஆனால் ஏபிஎஸ் (திடீரென பிரேக் பிடித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது), ஏர்பேக், ஈஎஸ்சி (வண்டி சறுக்கும்போது கட்டுக்குள் வைப்பது) மூன்றும் கட்டாயம். மைலேஜுக்காக இவற்றை விட்டுக்கொடுக்க வேண்டாம். வாங்கும் முன் இன்சூரன்ஸ் பிரீமியத்தை மகளின் வயதைச் சொல்லியே கேளுங்கள். இளம் ஓட்டுநருக்குப் பல இடங்களில் தொகை ஏறும்.

நிறத்தை அவளே தேர்ந்தெடுக்கட்டும்.