சிஎன்சி ரூட்டருக்கு மோட்டார்: ஸ்க்ரூவை முதலில் முடிவு செய்யுங்கள்

சிஎன்சி ரூட்டருக்கு, அதாவது கணினி சொன்னபடி நகர்ந்து வெட்டும் இயந்திரத்துக்கு, மோட்டார் வாங்கப் போனால் "எத்தனை கிலோ?" என்றுதான் பேச்சு தொடங்கும். அந்தக் கிலோ (கிலோ-செமீ) கணக்கு ஹோல்டிங் டார்க், அதாவது மோட்டார் சுற்றாமல் நிற்கும்போது தாங்கும் முறுக்குவிசை. வெட்டும்போது மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும். வேகம் கூடக் கூட ஸ்டெப்பரின் (பல்ஸுக்கு ஒரு படியாகச் சுற்றும் இந்த வகை மோட்டாரின்) டார்க் சரியும். அதனால் எத்தனை ஆர்பிஎம்மில் ஓடப்போகிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். அதைச் சொல்வது மோட்டார் சுழற்றும் ஸ்க்ரூவின் லீட், அதாவது ஒரு சுற்றுக்கு அது நகர்த்தும் தூரம்.

மரமும் கொஞ்சம் அலுமினியமும் வெட்டும் ரூட்டருக்கு 1605 பால் ஸ்க்ரூ (நட்டுக்குள் குண்டுகள் உருளும் ஸ்க்ரூ) போதும்: விட்டம் 16 மிமீ, ஒரு சுற்றுக்கு 5 மிமீ நகர்வு. நிமிடத்துக்கு 3000 மிமீ வேண்டுமென்றால் 600 ஆர்பிஎம். அந்த வேகத்தில் மோட்டாரிடம் 0.8 நியூட்டன் மீட்டர் மிஞ்சினாலே, 90% திறனில் சுமார் 900 நியூட்டன் தள்ளுவிசை கிடைக்கும். மரத்துக்கு இது தாராளம். 8 மிமீ லீட் ஸ்க்ரூவை (குண்டில்லாத சாதாரண மரை ஸ்க்ரூ) ஒரு மீட்டர் நீளத்துக்குப் போடாதீர்கள். 500 ஆர்பிஎம்மை நெருங்கும்போதே நடுவில் சாட்டை போல வீசும். மோட்டாரை மாற்றினாலும் அது தீராது.

நெமா 23 (மோட்டார் முகப்பின் அளவுத் தரம்), 76 மிமீ நீளம், 19 கிலோ-செமீ, 3 ஆம்பியர் மோட்டார் இந்த வேலைக்குச் சரி. டேட்டாஷீட்டில் இண்டக்டன்ஸை (கரண்ட் மாற்றத்தைக் காயில் எதிர்க்கும் அளவை) கட்டாயம் பாருங்கள். இண்டக்டன்ஸ் அதிகமானால் காயிலில் கரண்ட் ஏற நேரமாகும், வேகத்தில் டார்க் செத்துவிடும். 3 மில்லிஹென்றி சுற்றி இருக்கும் மோட்டாரை எடுத்து, டிஎம்542 டிரைவருடன் (பல்ஸை வாங்கி மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டி) 36 வோல்ட் கொடுங்கள். 24 வோல்ட்டில் அதே மோட்டார் இன்னும் குறைந்த வேகத்திலேயே திணறும். டிஎம்542-இன் உச்சவரம்பு 50 வோல்ட். வேகத்தைச் சட்டென்று குறைக்கும்போது மோட்டார் மின்சாரத்தைத் திருப்பி அனுப்பும் என்பதால் அந்த வரம்பை ஒட்டிப் போகாதீர்கள். மூன்று மோட்டாருக்கும் சேர்த்து 36 வோல்ட், 10 ஆம்பியர் சப்ளை ஒன்று போதும்.

மைக்ரோஸ்டெப் (மோட்டாரின் ஒரு படியை டிரைவர் எத்தனையாகப் பிரிக்கிறது என்பது) 8 போதும்: சுற்றுக்கு 1600 பல்ஸ், மில்லிமீட்டருக்கு 320. நிமிடத்துக்கு 3000 மிமீ வேகத்தில் விநாடிக்கு 16,000 பல்ஸ். ஆர்டுயினோ ஊனோ போர்டில் ஓடும் ஜிஆர்பிஎல் (இயந்திரத்தை ஓட்டும் மென்பொருள்) விநாடிக்கு ஏறக்குறைய 30,000 வரைதான் தரும். மைக்ரோஸ்டெப் 32 வைத்தால் 64,000 வேண்டும், அதை அதனால் தர முடியாது.

மோட்டாரையும் ஸ்க்ரூவையும் இணைக்கும் கப்ளிங்குக்கு, நடுவில் ரப்பர் துண்டு (ஸ்பைடர்) வைத்த ஜா வகையைத்தான் பரிந்துரைப்பேன். சுருள்வெட்டு அலுமினிய கப்ளிங் இழுக்கும்போது நீளும், ஆகவே ஸ்க்ரூவின் அச்சுத் தள்ளல் அதன்மேல் விழாதபடி ஸ்க்ரூ முனையைப் பிடிக்கும் பிகே12 பேரிங்கே அந்தத் தள்ளலைத் தாங்க வேண்டும். மோட்டார் ஷாஃப்ட் 6.35 மிமீயா 8 மிமீயா என்று அளந்துவிட்டு ஆர்டர் செய்யுங்கள். ஸ்க்ரூ முனை 10 மிமீ.

இசட் அச்சில் (மேலும் கீழும் போகும் அச்சு) பால் ஸ்க்ரூ தானாகப் பூட்டிக்கொள்ளாது. கரண்ட் போனால் கனமான ஸ்பிண்டில் (வெட்டும் கருவியைச் சுழற்றும் மோட்டார்) இறங்கிவிடும், பிரேக் உள்ள மோட்டாரோ எதிர் எடையோ வையுங்கள்.

வேலை ஒரே பக்கமாக மெல்ல மெல்ல விலகினால் உடனே மோட்டாரைக் குறை சொல்ல வேண்டாம். கப்ளிங் திருகைப் பாருங்கள், ஆக்சிலரேஷனைப் பாதியாக்குங்கள். அப்படியும் திசை மாறும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தால், பல்ஸின் தவறான விளிம்பை டிரைவர் எடுக்கிறது. ஜிஆர்பிஎல்லில் பல்ஸைத் தலைகீழாக்கும் $2 அமைப்பை மாற்றினால் சரியாகும். மின்சாரம் இருக்கும்போது மோட்டார் வயரை மட்டும் கழற்றவே கழற்றாதீர்கள், டிரைவர் அந்த நொடியே போய்விடலாம்.