சான்சுய் கண்ணாடி: கீழக்கரைப் பட்டறைக் குறிப்புகள்

ஜூலை 3

மதியம் ஒரு சான்சுய் ரிசீவர் வந்து இறங்கியது; ரேடியோவும் ஆம்ப்ளிஃபையரும் ஒன்றாக உள்ள ஜப்பான் பெட்டி. 1970களின் தொடக்கத்தில் வந்த ரகம். அணைந்திருந்தால் முகம் முழுக்கக் கறுப்பு; சுவிட்ச் போட்டால்தான் ஸ்டேஷன் எண்கள் பச்சையாக எழும். கொண்டுவந்தவர் ஒரு காக்கா; எங்கள் ஊரில் அண்ணனை அப்படித்தான் சொல்வோம். அவருடைய வாப்பா, அதாவது அப்பா, சிங்கப்பூர் சபுராளி, கடல் கடந்து பிழைக்கப் போனவர். ரஜுலா கப்பலில் வந்து நாகப்பட்டினத்தில் இறங்கியபோது கூடவே இறங்கிய பெட்டியாம்.

எண்கள் தெரியும் டயல் கண்ணாடியில் இடது மூலையிலிருந்து நடுவரை விரிசல். அதைவிடப் பெரிய சேதம் வலது பக்கத்தில். முன்பு யாரோ ஒரு மெக்கானிக் கண்ணாடியைக் கழற்றி, பின்பக்கத்தையும் ஜன்னல் துடைக்கிற நீலத் தண்ணீர் அடித்துத் துடைத்திருக்கிறார். ஸ்கேலில் 120க்குப் பிறகு கறுப்பு செதில் செதிலாகப் போயிருக்கிறது. இந்த வகைக் கண்ணாடியில் முன்பக்கம் வெறும் கண்ணாடிதான். எழுத்து, கோடு, கறுப்பு எல்லாமே பின்பக்கத்து ஸ்கிரீன் பிரிண்டிங், துணி வழியாக மை தள்ளி அடிக்கிற அச்சு. அமோனியா கலந்த எதுவும், ஸ்பிரிட்டும் அங்கே ஆகாது. உலர்ந்த மிருதுவான பிரஷ் போதும். தூசி போகாவிட்டால் தூசி இருந்துவிட்டுப் போகட்டும்.

"கண்ணாடிய மட்டும் மாத்திக் குடு தம்பி. எழுத்து வாப்பா பார்த்த மாதிரியே இருக்கணும்" என்றார் காக்கா. கண்ணாடி அறுபது ரூபாய் சாமான் காக்கா, எழுத்துதான் வேலையே என்றேன். நம்பின மாதிரி தெரியவில்லை.

ஜூலை 4

கழற்றுவதற்கு முன் செய்ய வேண்டியதைச் செய்தேன். செட்டை ஓட்டி, மீடியம் வேவில் தூத்துக்குடி 1053ஐயும் திருச்சி 936ஐயும் பிடித்து, முள் நின்ற இடத்துக்கு நேரே சேசிஸில், அதாவது உள்தகரச் சட்டத்தில், மாஸ்கிங் டேப் ஒட்டிக் கோடு போட்டுக்கொண்டேன். ஸ்கேலில் 100 என்று, அதாவது 1000 கிலோஹெர்ட்ஸ் என்று, போட்டிருக்கும் கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. புதுக் கண்ணாடி இடம் வலம் நகர்ந்து உட்கார்ந்தால் இந்த இரண்டு கோடும் காட்டிக்கொடுத்துவிடும். எஃப்.எம். பக்கத்துக்கும் ஒரு அடையாளம் வைத்தேன்.

பிறகு கண்ணாடியை எடுத்து டார்ச்சுக்கு எதிரே பிடித்தேன். துடைத்ததால் உரிந்தது ஒரு பக்கம். தானாக உரிந்தது வேறு. பல்புகளுக்கு நேர் மேலே வட்ட வட்டமாகக் கறுப்பு வெடித்திருக்கிறது. 8 வோல்ட், 0.3 ஆம்பியர் பல்புகள், பியூஸ் மாதிரி நீளமானவை, ஒன்றுக்கு 2.4 வாட். மூடின தகரப் பெட்டிக்குள் நான்கைந்து சேர்ந்தால் பத்து வாட் வாக்கில் சூடு, அதுவும் மையிலிருந்து விரல் தூரத்தில். அந்த வெடிப்பில் நம்ம ஊர் உப்புக் காற்று புகுந்தால் மிச்சத்தையும் கிளப்பிவிடும்.

விரிசல் மட்டும் இல்லாதிருந்தால் பழைய கண்ணாடியையே வைத்துக்கொண்டு, ஓட்டைகளுக்குப் பின்னாலிருந்து கறுப்பு எனாமல் தொட்டு முடித்திருப்பேன். பத்தில் எட்டுப் பங்கு எழுத்து இருந்தால் மாற்றக் கூடாது என்பது என் கட்சி. இது அந்தக் கணக்கில் வராது.

ஜூலை 6

கச்சான் காற்று. மேசையெல்லாம் மணல். கண்ணாடியைத் துணியில் சுற்றி பீரோவுக்குள் வைத்தாயிற்று. இரண்டு மிக்சியும் ஒரு டேபிள் ஃபேனும் பார்த்ததோடு சரி.

ஜூலை 9

ராமநாதபுரம் போனேன். கல்யாணப் பத்திரிகை அடிக்கிற கடையில் ஸ்கேனர் ஏ4 அளவுதான். கண்ணாடியோ நாற்பது சென்டிமீட்டருக்குப் பக்கம். ஒரு ஸ்டீல் ஸ்கேலை ஒட்டினாற்போல் வைத்து, நடுவில் கொஞ்சம் மேலேறி வரும்படி இரண்டு பாதியாக 600 டிபிஐயில் எடுத்து, ஸ்கேல் கோடுகளைப் பொருத்தி ஒட்டினோம். உரிந்த பகுதிக்கு மேசையில் கழன்று விழுந்த செதில்கள் உதவின. அவற்றை எறியாமல் ஒரு டப்பாவில் சேர்த்து வைத்திருந்தேன். ஒரு செதிலில் 140இன் பாதி அப்படியே இருந்தது.

கடைத் தம்பி கோரல்டிரா என்ற வரைகிற சாஃப்ட்வேரில் கெட்டிக்காரன். "அண்ணே, இதே மாதிரி ஃபாண்ட் இருக்கு, டைப் பண்ணிடலாம்" என்றான். வேண்டாம், ஒவ்வொரு எழுத்தையும் மேலேயே வரை என்று சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். அந்த 4இன் கொம்பு மூடியிருக்காது, 6இன் வயிறு லேசாகச் சாய்ந்திருக்கும். ரெடிமேட் ஃபாண்ட் போட்டால் அஞ்சடி தூரத்திலேயே பல்லிளிக்கும்.

ஒரு விஷயத்தில் அவன் சொன்னதுதான் சரி. இங்கே எழுத்து என்பது மை படாத இடம், சுற்றிலும் கறுப்பு. மை அடிக்கும்போது கொஞ்சம் பரவி மெல்லிய கோடுகளை அடைத்துவிடும். அதனால் எல்லாக் கோட்டையும் மயிரிழை தடிமனாக்கினான்.

ஜூலை 13

அக்ரிலிக்கா கண்ணாடியா என்று காக்கா போனில் கேட்டார். மகன் மதுரையில் விசாரித்தானாம், லேசரில் வெட்டி அச்சும் போட்டுத் தருகிறார்களாம்.

அக்ரிலிக் கெட்டதில்லை. உடையாது, எந்த வடிவிலும் வெட்டலாம். ஆனால் 20 டிகிரி சூடு ஏறினால் நாற்பது சென்டிமீட்டர் அக்ரிலிக் அரை மில்லிமீட்டருக்கு மேல் நீளும். கண்ணாடி நீள்வது அதில் எட்டில் ஒரு பங்கு. ஓரத்தில் இடம் விடாமல் இறுக்கினால் வளைந்து முள்ளை உரசும். லேசரில் வெட்டின ஓரத்தில் ஸ்பிரிட் பட்டால் பொடிப் பொடியாக விரிசல் ஓடும். துணி பட்டாலே கீறும், தூசியை இழுத்துக்கொள்ளும். மணல் பறக்கிற ஊரில் வருஷம் முழுக்கத் துடைக்கப்போகிற முகம் இது. கண்ணாடிதான்.

படச் சட்டம் போடுகிற கடையில் 3 மில்லிமீட்டர் கண்ணாடி வெட்டி, ஓரம் தேய்த்து வாங்கினேன்.

ஜூலை 16

அச்சு முடிந்தது. கண்ணாடிக்கு சாதாரண மை நிற்காது; ஹார்டனர் கலக்கிற இரண்டு பாக மை வேண்டும். சென்டிமீட்டருக்கு 120 இழை ஓடும் துணியில், படத்தை இடவலம் திருப்பிப் பின்பக்கம் அடித்தோம். முதல் பூச்சில் ஊசித்துளிகள் இருந்தன. காய்ந்தபின் அதே இடத்தில் இன்னொரு பூச்சு. ஃப்ரேமை அடையாளத்தில் வைத்து அழுத்தியபோது தம்பி மூச்சே விடவில்லை. எழுத்தின் ஓரங்கள் கத்தியாக வந்திருக்கின்றன.

இந்த மையைச் சூளையில் 140 டிகிரியில் சுட்டால் சீக்கிரம் இறுகும். சூளைக்கு எங்கே போவது? ஒரு வாரம் தொடாமல் வைப்பேன்.

ஜூலை 24

பொருத்தினேன். பல்புக்குப் பதில் மஞ்சள் ஒளி எல்இடி, சூடு போயிற்று. வெள்ளை எல்இடி போட்டால், எழுத்துக்குப் பின்னால் இருக்கும் பச்சைத் தாள் வழியாகப் பார்க்க ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும். அணைந்தால் எழுத்து மறைய வேண்டுமே, அதற்கு கார் கண்ணாடிக்கு ஒட்டுகிற சன் ஃபிலிமில் ஒரு பட்டை. அதை மை மேல் ஒட்டாமல் பச்சைத் தாளோடு சேர்த்துப் பின்னால் வைத்தேன். டேப் கோடுகளில் 1053, 936 இரண்டும் ஒரே அளவு மயிரிழை இடது. முள்ளை இழுக்கும் நூலைச் சரிசெய்யாமல் கண்ணாடியையே அந்த மயிரிழை நகர்த்தினேன்.

மாலை காக்கா வந்தார். அறை விளக்கை அணைக்கச் சொல்லி செட்டைப் போட்டுப் பார்த்தார், மறுபடி அணைத்துப் பார்த்தார். எழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பழைய கண்ணாடியையும் தா என்று கேட்டு வாங்கிக்கொண்டார்.

ஜூலை 25

காலையிலேயே காக்கா போன். தூத்துக்குடி ஸ்டேஷனில் கொர்ரென்று இரைச்சலாம், கண்ணாடி மாற்றியதால்தானா என்று சந்தேகம். என் எல்இடியைக் கழற்றிவிட்டும் கேட்டுப் பார்த்தேன், இரைச்சல் அப்படியே. செட்டை மெயின் சுவிட்ச் அருகே கொண்டுபோகப் போகக் கூடுகிறது, கரண்ட் லைன் வழியாக வருவது: பக்கத்து வீட்டு இன்வெர்ட்டர். அதையும் நானே போய்ப் பேசி நிறுத்தித் தர வேண்டுமாம்.